இரண்டு ஆள் வேலை

ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் கலைமணி யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓடியிருக்கவே மாட்டாள். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், முப்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை விடிகாலையில் ஏரிக்கரை மேல் ஓடுகிறாள் என்றால் ஊர் ஒப்புக்கொள்ளும் காரணம் இரண்டுதான். மாடு அவிழ்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும், இல்லை கம்பெனி பஸ் போய்விட்டிருக்க வேண்டும்.

"இன்னா கலைமணி, பஸ்ஸ வுட்டுட்டியா?" என்று பால் ஊற்றப் போகிறவர்கள் கேட்டார்கள். "பஸ்ஸு இந்தாண்ட வராதும்மா, ரோட்டாண்ட ஓடு!"

சுடிதாருக்குக் கீழே கணவனின் பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பதில் சொல்ல மூச்சில்லாமல் அவள் ஓடினாள். முதல் வாரத்தில் அதை ஓட்டம் என்று சொல்வதற்கில்லை. ஒரு பனைமரத்திலிருந்து அடுத்த பனைமரம் வரைக்கும் போய், மரத்தைப் பிடித்துக்கொண்டு ஈளைக்காரி போல இளைப்பாள்.

ஆனாலும் விடவில்லை. பயம் அவளை ஓட்டியது. அவள் அம்மாவைச் சர்க்கரை நோய் கால் கட்டைவிரலில் பிடித்தது. பிறகு பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், கடைசியில் பாதி அம்மாவைத்தான் பாடையில் வைத்தார்கள். அதே சர்க்கரை இவளுக்கும் எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது என்று கம்பெனி முதலுதவி அறை நர்ஸ் சொன்ன அன்றைக்குக் கலைமணிக்குச் சோறு இறங்கவில்லை. "மாத்திரைக்கு இன்னும் அவசரமில்ல. நடங்க. முடிஞ்சா ஓடுங்க. உடம்பு நீங்க சொல்றதக் கேக்கற வயசுதான்" என்றாள் நர்ஸ்.

துணைக்கு வந்தவள் லூர்தம்மாள். இரண்டு தெரு தள்ளி, மாதா கோயில் தெருவில் வீடு. கலைமணியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட், பஸ்ஸில் ஒரே சீட்டு. அவளுக்கு முழங்காலில் தேய்மானம், ஓட முடியாது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து, ஒரு கையில் ஜெபமாலையும் இன்னொரு கையில் வேலிக்கம்புமாக இருப்பாள்.

"நீ ஓடுடி. நாய் வந்தா நான் பாத்துக்கறேன்."

"ஜெபம் பண்றியா, நாய அடிக்கறியா லூர்துக்கா?"

"ரெண்டுந்தான். மாதா கோச்சிக்க மாட்டாங்க. அவங்களும் புள்ளைய இடுப்புல வெச்சிகினு ஊர் ஊரா ஓடனவங்கதான்."

இப்படி மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. கலைமணி பனைமரங்களை எண்ணுவதை விட்டுவிட்டாள். ஏரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடித் திரும்பி வந்தும், "வா, போலாம்" என்று சாதாரணமாகப் பேச முடிந்தது. படுத்தவுடன் தூக்கம் வந்தது. நர்ஸ் மறுபடியும் பார்த்துவிட்டு, "சர்க்கரைய எல்லைக்கு அந்தாண்ட தள்ளிட்டீங்க, கெட்டிக்காரி" என்றாள். அன்றைக்குக் கலைமணி வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு முழம் பூ வாங்கிச் சாத்தினாள். தன் கால்கள் தன்னுடையவை என்று ஒரு பெண்ணுக்குத் தெரிய வருவது சின்ன விஷயமில்லை. கலைமணிக்கு அது தெரிய வந்தது. அதில் ஒரு சிறு கர்வமும் வந்தது.

அவர்கள் வேலை செய்த இடம் கார்களுக்கு ஒயர் கட்டுகிற தொழிற்சாலை. நீளமான லைன், இரண்டு பக்கமும் பெண்கள் நின்று ஒயர்களைப் பின்னிக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டிய கிளிப், டேப், கனெக்டர் எல்லாவற்றையும் ஸ்டோர் அலமாரியிலிருந்து நீலத் தட்டுகளில் எடுத்து வந்து கை முன்னால் வைப்பது ஃபீடர் வேலை. இடப்பக்கத்துக்குக் கலைமணி, வலப்பக்கத்துக்கு லூர்தம்மாள். ஷிப்ட் முழுக்க நடைதான். ஒரு பெண்ணின் தட்டு காலியானால் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் புருஷோத்தமன் பறந்து வருவான்.

லூர்தம்மாளின் முழங்கால் மக்கர் பண்ணுகிற நாட்களில், கலைமணி தன் தட்டுகளோடு அவளுடைய தட்டு ஒன்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவாள். யாரும் பார்க்காமல் செய்கிற சின்ன உதவி. லூர்தம்மாளும் நன்றியென்று எதுவும் சொல்லமாட்டாள். சாப்பாட்டு வேளையில் தன் டப்பாவிலிருந்து கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து இவள் பக்கம் தள்ளுவாள், அவ்வளவுதான்.

அந்த வேலை லூர்தம்மாளுக்கு வெறும் சம்பளமில்லை. அவள் கணவர் பெயர் அப்பாவு. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலற்றுப் போய், வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ண வேண்டியிருந்தது. இவள் வேலையில் இருக்கிறவரை இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும், அட்டை இருக்கிறவரை அது நடக்கும். "அந்த அட்டையிலதாண்டி எம் புருஷன் மூச்சு விட்டுகினு கீறாரு" என்பாள். இருவரும் கான்ட்ராக்ட் ஆட்கள். இன்றைக்கு இருந்தால் இருக்கிறோம், அவ்வளவுதான்.

மாசி மாதத்தில் கம்பெனி ஆரோக்கிய வாரம் கொண்டாடியது. கேன்டீனில் எண்ணெய் குறைந்தது, சுவரில் பேனர் கூடியது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்பேட்டைச் சாலையில் எல்லோரும் ஓட வேண்டும் என்று அறிவித்தார்கள். மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். நெஞ்சில் 'ஓடுவோம், நலமாய் வாழ்வோம்' என்று எழுதியிருந்தது.

லூர்தம்மாள் புருஷோத்தமனிடம் போய் நின்றாள். "சார், எனக்கு முட்டி வலி சார். ஞாயித்துக்கெழம பூசை வேற கீது."

"பூசைக்கு முட்டி போட முடியுது, ஓட முடியாதா?" என்றான் அவன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "போட்டோல கூட்டம் காட்டணும்மா. வரலன்னா ஆப்சென்ட். உன் இஷ்டம்."

அவள் வந்தாள். மஞ்சள் பனியனைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு வந்தாள்.

கலைமணிக்கு அன்றைய காலை வாழ்நாளில் மறக்காது. தார்ச்சாலை, பனி விலகாத வெயில், பக்கத்தில் ஓடுகிற இருபது வயதுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்தங்கிப் போவது. லைனில் கட்டிங் வேலை பார்க்கும் கவிப்பிரியா, கபடி ஆடினவள், அவளே கடைசித் திருப்பத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "போக்கா போ, உனக்கின்னா காலா அது, கரண்டா!" என்று கத்தினாள். பெண்களில் கலைமணிதான் முதல். கழுத்தில் மெடல் போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள்.

எல்லோரும் வந்து சேர்ந்து, உப்புமாவும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாலையின் கோடியில் லூர்தம்மாள் தெரிந்தாள். ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே கம்பெனி ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. கடைசி ஆள் வருகிறவரை அது போக முடியாது. டிரைவர் விளையாட்டுக்கு ஹாரன் அடித்தான். மைக் புருஷோத்தமன் கையில் இருந்தது.

"அதோ வராங்க, அதோ வராங்க, நம்ம லூர்தம்மா! நேத்து கெளம்புனாங்க, நாளைக்கு வந்துடுவாங்க! எல்லாரும் கை தட்டுங்கப்பா! ஆம்புலன்ஸு கூடத் தோத்துப்போச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போட்டோக்காரன் அப்போதும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கை தட்டல் ஒரு தாளமாக மாறி, அவள் இழுக்கிற காலுக்கு ஏற்ப விழுந்தது. லூர்தம்மாளும் சிரித்தாள். ஏழைகள் தங்களைப் பார்த்துப் பிறர் சிரிக்கும்போது கூடவே சிரித்துவிடுவார்கள். அது ஒரு தற்காப்பு. சிரித்துக்கொண்டே அவள் கூட்டத்தில் கலைமணியைத் தேடினாள். கலைமணியின் வாயிலும் சிரிப்பு இருந்தது. மெடலின் சந்தோஷத்தில், கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு நொடி அவளும் சிரித்துத்தான் விட்டாள். அந்த நொடியில் இருவர் கண்ணும் சந்தித்தன.

பஸ்ஸில் திரும்பும்போது லூர்தம்மாள் முட்டியை நீவிக்கொண்டே வந்தாள். "நல்லா ஓடனடி" என்றாள். அந்த ஒரு வார்த்தை கலைமணியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஹேமந்த் என்கிற இளம் என்ஜினியர் வந்தான். கையில் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை ஆள் வேண்டும் என்று அளக்க வந்தவன்.

ஸ்டாப்வாட்ச் வரும் நாளில் அந்த லைனுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் நாளே, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டும்போதே, இதையும் காதில் போட்டுவிடுவார்கள். அதற்குக் கல்யாண நடை என்று பெயர். மாலையும் கழுத்துமாகப் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போகிற மாதிரி, அன்றைக்கு எல்லாக் காரியமும் நிதானமாக நடக்க வேண்டும். ஒயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக் கட்ட வேண்டும். தட்டை வைத்துவிட்டு நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு எந்த வேகத்தில் நடக்கிறாளோ அந்த வேகத்தில்தான் ஒருத்தி அந்த வருஷம் முழுக்க நடந்தாக வேண்டும். சோம்பேறித்தனமில்லை அது. தங்கள் உடம்புக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வேலி.

கலைமணிக்கு இது தெரியாததல்ல. அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஆனால் அன்று காலை லூர்தம்மாளின் முட்டி தேங்காய் போல வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தின் மிச்சம். அலமாரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தட்டைத் தூக்கினாள்.

"லூர்துக்கா, இந்தக் கால வெச்சிகினு நடந்தியானா அந்த வாட்ச்சுக்காரன் பாத்துடுவான். மெடிக்கல் அன்ஃபிட்னு அனுப்பிச்சிடுவாங்க."

"மெல்ல நடக்கறன்டி. இன்னிக்கு மெல்லத்தானே நடக்கணும்?"

"மெல்ல நடக்கறது வேற, நொண்டறது வேற. நீ அலமாரிக்குப் பின்னால ஒக்காந்து கிளிப்பப் பிரிச்சி வெச்சிகினு இரு. ரெண்டு பக்கமும் நான் பாத்துக்கறேன்."

"வேணாம்டி கலை. இது ஒரு ஆளு வேல இல்ல."

"எனக்கு முடியும்க்கா."

எனக்கு முடியும். அந்தச் சொல்லில் அன்பு இருந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்புக்கு ஒரு பரிகாரம் இருந்தது. ஏரிக்கரையில் வளர்ந்த அந்தச் சிறு கர்வமும் இருந்தது. மூன்றையும் பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது நேரமில்லை. லூர்தம்மாளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு ஓடினாள்.

ஆம், ஓடினாள். இரண்டு பக்கமும் ஒருத்தி பார்க்க வேண்டுமென்றால் கல்யாண நடையில் முடியாது. ஒரு விளக்கு சிவந்தாலும் புருஷோத்தமன் வந்து அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான். அதனால் இரண்டு கையிலும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, இடப்பக்கம் வைத்து, குனிந்து லைனைக் கடந்து, வலப்பக்கம் வைத்து, காலித் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினாள். கவிப்பிரியா பல்லிடுக்கில், "யக்கா, வாட்ச்சு, வாட்ச்சு" என்று சைகை காட்டினாள். கலைமணி கண்ணாலேயே சும்மா இரு என்றாள். வியர்வை முதுகில் வழிந்தது. ஆனால் மூச்சு வாங்கவில்லை. ஒரு விளக்கும் எரியவில்லை.

ஹேமந்த் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டவனில்லை. இடைவேளையில் அவனே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். "சூப்பர்க்கா! ஞாயித்துக்கிழமை ஃபர்ஸ்ட் வந்தது நீங்கதானே? ரெண்டு பக்கமும் நீங்க ஒருத்தரேவா பாக்கறீங்க?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அலமாரிக்குப் பின்னால் லூர்தம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆமா சார்" என்றாள் கலைமணி, சிரித்துக்கொண்டே.

அவனும் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை காலை, பஸ் இறங்கி வழக்கம் போல வரிசையில் நின்றார்கள். லூர்தம்மாள் முன்னால், கலைமணி பின்னால். வாசலில் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து சுழல் கம்பி திரும்பும். லூர்தம்மாள் அட்டையைக் காட்டினாள். 'கீ' என்று சத்தம் வந்தது. கம்பி அசையவில்லை. மறுபடி காட்டினாள். பனியனில் துடைத்துவிட்டுக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கொடுத்த அதே மஞ்சள் பனியனைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தாள். துணி நன்றாக இருக்கிறது, வேலைக்கு ஆகும் என்றிருந்தாள்.

"சீக்கிரம் போம்மா, பஞ்ச் லேட்டாவுது!" பின்னாலிருந்து கத்தினார்கள்.

காவலாளி சுடலைக்கண்ணு திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கணினியைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "யக்கா, செத்த ஓரமா நில்லுங்க. உங்க கார்ட ப்ளாக் பண்ணிருக்காவ."

"ஏம்பா? இன்னா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க."

வரிசை தள்ளியது. கலைமணியின் அட்டைக்குப் பச்சை எரிந்தது. முதுகில் கைகள் அழுத்த, கம்பி திரும்ப, அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்த்தபோது லூர்தம்மாள் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள்.

காலைக் கூட்டத்தில் புருஷோத்தமன் அறிவித்தான். "இன்னியிலேர்ந்து லைனுக்கு ஒரு ஃபீடர். ஒருத்தி போதும்னு வாட்ச்சு சொல்லிடுச்சு. நம்ம மெடல் அக்கா இருக்கறப்போ இன்னொரு ஆளு எதுக்கு? மத்த லைனுங்களுக்கும் இதான் கணக்கு. கை தட்டுங்கப்பா."

யாரும் கை தட்டவில்லை. மற்ற லைன்களிலும் ஒவ்வொரு ஃபீடரை எடுத்துவிட்டார்கள் என்பது சாப்பாட்டு வேளைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கலைமணி தட்டோடு போய் உட்காரப் போன பெஞ்சில் கவிப்பிரியா காலை நீட்டிக்கொண்டாள்.

"எடம் இல்லக்கா."

"கவி, நான் வேணும்னு பண்ணலடி. லூர்துக்காவுக்கு முட்டி..."

"கல்யாண நடைய எனக்குக் கத்துக்குடுத்ததே நீதான். எங்களுக்கு நடை, உனக்கு மட்டும் ஓட்டமா? போ, போயி இன்னொரு மெடல் வாங்கிகினு வா."

அன்று மாலை ஹேமந்தைத் தேடிப் போனாள். அவன் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "சார், அது ரெண்டு ஆளு வேல சார். அன்னிக்கு அந்தம்மாவுக்குக் கால் வீங்கியிருந்திச்சி. நான் மறைச்சேன். தெனமும் அப்படி ஓட முடியாது சார். மறுபடி ஒரு தபா அளந்து பாருங்க சார்."

அவன் முகம் வாடியது. உண்மையிலேயே வருத்தப்பட்டான். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா. இப்ப எல்லா லைனுக்கும் அப்ரூவ் ஆயிடுச்சு. நான் தப்பா அளந்தேன்னு நானே எழுதிக் கொடுத்தா என் வேல போயிடும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா நீங்க மூச்சே வாங்கலையேக்கா" என்றான்.

அது உண்மைதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிடித்த கையும் சுத்தமான கைதான், மண்ணும் நல்ல மண்தான்.

லூர்தம்மாள் வீட்டுக்குப் போகக் கலைமணிக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் போனாள். அப்பாவு கட்டிலில் படுத்திருந்தார். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்ததால் முகம் வெளிறி, கையில் ஊசி போட்ட இடம் புடைத்திருந்தது. லூர்தம்மாள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"லூர்துக்கா, என்ன மன்னிச்சிடுக்கா. உன்னக் காப்பாத்தணும்னுதான்..."

"தெரியும்."

"நான் வேணும்னா கான்ட்ராக்டராண்ட..."

"கலை," என்றாள் லூர்தம்மாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. "நான் நொண்டிகினே நடந்திருப்பேன். அந்தப் பையன் பாத்திருப்பான். என்னத் தூக்கியிருப்பாங்க, சரி. ஆனா எடம் இருந்திருக்கும். ரெண்டு ஆளு வேணும்னு எழுதியிருப்பான். கால் சரியானப்பறம் நான் போயி கெஞ்சியிருப்பேன், இல்ல என்ன மாதிரி வேற எவளாச்சும் ஒருத்தி வந்து பொழச்சிருப்பா. நீ என்னத் தூக்கலடி. எடத்தையே தூக்கிட்ட."

கலைமணி நின்றுகொண்டே அழுதாள்.

"வேணாம்னு சொன்னேன்ல? ஒனக்கு முடியும்னு சொன்ன. முடிஞ்சிது. இனிமே நீ கம்பெனியே கதின்னு ஓடு. நாய வெரட்ட வேற யாரையாச்சும் பாத்துக்கோ." எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "அட்டை இன்னும் கொஞ்ச மாசம் ஓடுமாம். அப்புறம் எம் புருஷன யாரு ஓட வெப்பாங்கன்னு தெரியல."

அப்பாவுதான் கட்டிலிலிருந்து, "அழாதம்மா. வூட்டுக்குப் போ. இருட்டப் போவுது" என்றார்.

அதற்கப்புறம் கலைமணியின் நாட்கள் இரண்டு பக்கத்து நாட்களாயின. ஒரு பொழுது ஓடிக் காட்டியதை ஒவ்வொரு பொழுதும் ஓடிக் காட்ட வேண்டியிருந்தது. தட்டு கொஞ்சம் தாமதமானாலும், "இன்னாக்கா, மெடல் கனமா கீதா?" என்று லைனிலிருந்து ஒரு குரல் வரும். வேகத்தைக் குறைத்தால் விளக்கு சிவந்தது. விளக்கு சிவந்தால் புருஷோத்தமன் வந்தான். "ஓடற மாட்டத்தான் வெரட்டுவாங்க. முடியலைன்னா சொல்லு, இருவது வயசுப் பொண்ணுங்க கேட்டுல நின்னுகினு கீதுங்க" என்றான். கேன்டீன் சுவரில் அவள் படத்தை ஆள் உயரத்துக்கு ஒட்டினார்கள். மெடலோடு சிரிக்கிற படம். அந்தச் சிரிப்பு எந்த நேரத்துச் சிரிப்பு என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

ஏரிக்கரைக்குப் போவது நின்றுபோனது. வீட்டுக்கு வந்தால் கணுக்கால் வீங்கியிருந்தது. காலையில் எழ முடியவில்லை. சாப்பாட்டுக்கு நேரமில்லாமல் டீயும் பிஸ்கட்டுமாகப் பொழுது போனது. நர்ஸ் ஊசி குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "மறுபடி ஏறிடுச்சே. ஓடறத விட்டுட்டீங்களா? ஒழுக்கமா இருந்தாத்தான் உடம்பு நிக்கும்."

கலைமணி விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எந்த ஓட்டத்தைச் சொல்வாள்?

அன்று வாசலில், போகும் வழியில், சுடலைக்கண்ணு நிறுத்தினான். "என்னக்கா, அழுதியளா?"

"இல்லப்பா."

"அன்னைக்கு அந்தம்மாவ ஓரமா நிக்கச் சொன்னேம்லா, அது என் மனசுல கெடந்து அரிக்கி. கேன்டீன்ல காய் நறுக்க ஆளு வேணும்னு மாஸ்டர் ராஜாமணி சொல்லிக்கிட்டிருந்தாரு. உக்காந்து செய்யுத வேலைதான். கான்ட்ராக்டர் வேற ஆளு, ஆனா இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. நீங்க சொல்லுதியளா?"

கலைமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னா வர மாட்டாங்க. நீயே சொல்லுப்பா. என் பேர எடுக்காத. எங்க ஊரு மாதா கோயில் தெரு, கேட்டா வூட்டக் காட்டுவாங்க."

"இதுக்குப் போயி... சொல்லுதேங்க்கா."

அவன் தன் வார விடுமுறையில் பஸ் ஏறிப் போய்ச் சொன்னான். அவனுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. உலகம் இன்னும் இற்று விழாமல் நிற்பதற்கு இப்படிப்பட்டவர்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

லூர்தம்மாள் வந்தாள். சம்பளம் குறைவு, ஆனால் இ.எஸ்.ஐ. அட்டை நின்றுபோகவில்லை. வேறு வாசல், வேறு நேரம், வேறு பஸ். கேன்டீனுக்குப் பின்கட்டில், காலை நீட்டி ஒரு பலகையில் உட்கார்ந்து, மலை மாதிரி குவிந்த வெங்காயத்துக்கு நடுவில் நறுக்கிக்கொண்டிருப்பாள். பரிமாறும் ஜன்னல் வழியாக அவள் தலை தெரியும். முதல் நாள் கலைமணி ஜன்னலருகே நின்று, "லூர்துக்கா" என்றாள். தலை நிமிரவில்லை. மறுநாளும் நின்றாள். அதற்கடுத்த நாள் கவிப்பிரியா பின்னாலிருந்து, "ஜன்னலாண்ட இன்னா தரிசனம்? நவுரு, பசிக்குது" என்று இடித்துவிட்டுப் போனாள். ஒரு மாதம் இப்படியே போனது. கலைமணி கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. முதுகு விண்விண்ணென்று தெறிக்க, அவள் வரிசையில் தட்டை நீட்டினாள். பரிமாறும் பெண் வழக்கமாகக் குழிக்கரண்டி நிறையச் சோற்றை அள்ளிப் போடுகிறவள். அன்று கால் கரண்டி சோறு வைத்தாள். மீதி இடம் முழுக்கக் கீரையையும் அவரைக்காய்ப் பொரியலையும் நிரப்பினாள். மேலே ஒரு அவித்த முட்டை.

"இன்னாம்மா, சோறு தீந்துடுச்சா?"

"சோறு கீது. உனக்கு இப்பிடித்தான் போடணும்னு உள்ளேர்ந்து சொல்லிகீறாங்க. நர்ஸம்மா சாப்புட வந்தப்போ உன் சக்கரையப் பத்தி எதையோ சொல்லிகினு இருந்தாங்களாம், அவங்க காதுல வுழுந்துதாம். தெனமும் இதான்னாங்க. தள்ளிப் போ, பின்னால ஆளு நிக்குது."

கலைமணி ஜன்னல் வழியே பார்த்தாள். லூர்தம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. ஒரு பார்வையும் இல்லை.

சுவர்ப் படத்துக்குக் கீழே காலியாக இருந்த மூலையில் போய் உட்கார்ந்து, கலைமணி அந்தக் கீரையை ஒரு இலை விடாமல் சாப்பிட்டாள். முட்டையைப் பாதி தின்றுகொண்டிருக்கும்போதே மணி அடித்தது. மீதியை வாயில் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, லைனுக்கு ஓடினாள்.